கத்தி இல்லாத முழு அளவு மல்டிடூல்: உற்பத்தியாளர்கள் நமக்கு எதைத் தர வேண்டும்?

தெம்பனீஸ்_தொழில்நுட்பர்:

அனைவருக்கும் வணக்கம். குறடு, திருப்புளி, கத்தி எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கும் மல்டிடூலின் வடிவமைப்பு கடந்த சில ஆண்டுகளில் வேகமாக மாறியிருக்கிறது. லெதர்மேன் நிறுவனம் 2019-இல் காந்தத்தின் உதவியோடு ஒரே கையால் திறந்து மூடக்கூடிய ஃப்ரீ வரிசையைக் கொண்டுவந்தது. பிறகு அதே அமைப்பில் மேக்னாகட் என்ற துருவை எதிர்க்கும் எஃகாலான கத்தியைப் பொருத்தி ஆர்க் என்ற மாடலை வெளியிட்டது. ரோக்சன் நிறுவனத்தின் ஃபிளெக்ஸ், எந்தக் கருவி எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை வாங்குபவரே முடிவு செய்து மாட்டிக்கொள்ள வழி செய்தது. 2024 மே மாதத்தில் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கார்ல் எல்செனர், கத்தியே இல்லாத பாக்கெட் கருவிகளைத் தங்கள் நிறுவனம் உருவாக்கிவருவதாக அறிவித்தார். இவற்றுள் கடைசியாகச் சொன்ன செய்திதான் சிங்கப்பூரில் வேலை செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது என்று நினைக்கிறேன். ஆனால் அது வெறும் சாவிக்கொத்துப் பொருளாக முடிந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அலுவலகக் கட்டடங்களைப் பராமரிப்பது என் தொழில். கதவு மூடும் சாதனத்தின் திருகை இறுக்குவது, ஏர்கான் உறையைக் கழற்றுவது, பொய்க்கூரைக் கம்பியை வளைத்து மாட்டுவது, கழிப்பறைக் குழாயின் உணர்கருவியைச் சரிபார்ப்பது என நாள் முழுவதும் ஓடும். இவற்றில் குறடும் திருப்புளியும் இல்லாமல் எதுவும் நடக்காது. கத்தியோ பெட்டியைப் பிரிக்கவும் கேபிள் டை நறுக்கவும் மட்டும் தேவைப்படுகிறது. அந்த இரண்டையும் நல்ல கத்தரிக்கோலும் குறட்டின் கம்பிவெட்டியும் செய்துவிடும்.

வேலை முடிந்ததும் அதே பையோடு பெருவிரைவு ரயிலில் வீட்டுக்குப் போகிறேன். நிலையத்தில் எப்போது வேண்டுமானாலும் பைச் சோதனைக்கு அழைக்கப்படலாம். சட்டபூர்வமான நோக்கமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது இங்கே கடுமையான குற்றம். சிறையோடு பிரம்படியும் விதிக்கப்படலாம். வேலைக்காக வைத்திருப்பதாக என்னால் விளக்கம் சொல்ல முடியும் என்பது உண்மைதான். இருந்தாலும், நாளில் பெரும்பகுதி மடங்கியே கிடக்கும் ஒரு பாகத்திற்காக நான் ஏன் விளக்கம் சொல்லும் நிலையில் இருக்க வேண்டும்? சில வாடிக்கையாளர்களின் கட்டடங்களில் நுழைவாயிலிலேயே கத்தி உள்ள எதையும் பாதுகாவல் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். கத்தியை மட்டும் தனியே கழற்றிக் கொடுக்க முடியாததால் குறடும் திருப்புளியும் அதோடு சேர்ந்து வாசலிலேயே தங்கிவிடுகின்றன.

லெதர்மேனின் ஸ்டைல் பிஎஸ், கையில் கட்டிக்கொள்ளும் டிரெட் போன்ற கத்தியில்லாக் கருவிகள் முன்பே வந்ததை அறிவேன். ஸ்டைல் பிஎஸ் ஐம்பது கிராம்கூட இராது. அதை வைத்துக்கொண்டு இறுகிய திருகைத் திருப்ப முடியாது. நான் கேட்பது, மடக்கிய நிலையில் பத்து சென்டிமீட்டர் நீளமும் உள்ளங்கை நிறையும் பிடியும் கொண்ட, தொழிலுக்கான முழுக் கருவி. உங்கள் கருத்துகளையும் சேர்த்து உற்பத்தியாளர்களுக்கு ஒரு கோரிக்கை அனுப்ப விரும்புகிறேன்.

குறடு_விரும்பி:

நல்ல தொடக்கம், நண்பரே. நீங்கள் கேட்பது இதுவரை ஏன் வரவில்லை என்பதற்கு, இந்தக் கருவி பிறந்த விதத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. டிம் லெதர்மேன் 1975-இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, அவருடைய பாக்கெட் கத்தியில் குறடு இல்லையே என்ற குறை தோன்றியது. அதிலிருந்து கிளம்பிய யோசனைக்கு 1980-இல் காப்புரிமை கிடைத்தது. 1983-இல் முதல் கருவி விற்பனைக்கு வந்தது. அதாவது, கத்தியோடு குறட்டைச் சேர்ப்பதாகத்தான் கதையே தொடங்குகிறது. கத்தி இருந்தே தீரும் என்பதை அதன் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை.

1998-இல் வந்த வேவ் மாடல் இதை மேலும் உறுதிப்படுத்தியது. அதற்கு முன்பு பெரும்பாலும் கருவிகள் கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும். குறட்டை விரித்தால்தான் அவற்றை எடுக்க முடியும். வேவ் மாடலோ கத்திகளைக் கைப்பிடியின் வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்து, குறட்டைத் திறக்காமலேயே ஒரு கையால் எடுக்கும்படி செய்தது. அது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த வெளிப்பக்க இடங்கள்தாம் ஒரு மல்டிடூலில் இருப்பதிலேயே மதிப்புமிக்க இடங்கள். அவற்றில் இரண்டைச் சாதாரணக் கத்திக்கும் பல்கத்திக்கும் கொடுத்துவிட்டு, நீங்கள் ஓயாமல் பயன்படுத்தும் பிட் பொருத்தியை, அதாவது மாற்றக்கூடிய திருப்புளி முனையான பிட்டைச் செருகும் பாகத்தை, உள்ளே தள்ளிவிட்டார்கள்.

கத்தியை எடுத்துவிட்டால் ஒரு பாகம் குறைகிறது என்று உற்பத்தியாளர்கள் பார்க்கிறார்கள். உண்மையில் இரண்டு சிறந்த இடங்கள் காலியாகின்றன. ஒன்றில் நீளமான கத்தரிக்கோல், மற்றொன்றில் விரித்ததும் மடங்காமல் தாழ் விழும் பிட் பொருத்தி என்று வைத்தால், குறட்டைத் திறக்காமலேயே பாதி வேலை முடியும். இருக்கிற மாடலிலிருந்து கத்தியைப் பிடுங்கிவிட்டு அந்தப் பள்ளத்தை வெறுமையாக விட்டு விற்றால் நாம் அதை வாங்கவே கூடாது. முதல் கோடு போடும்போதே கத்தியில்லாக் கருவி என்று மனத்தில் கொண்டு வரைய வேண்டும்.

சட்டத்தை முன்னிட்டு வடிவம் மாறுவதும் புதிதல்ல. பிரிட்டனில் மூன்று அங்குலத்துக்கு உட்பட்ட, தாழ் விழாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். தாழ் விழுந்தால் தகுந்த காரணம் வேண்டும். அமெரிக்க விமான நிலையங்களில் கத்தி இல்லாத, ஏழு அங்குலத்துக்கு மேற்படாத கைக்கருவிகளைக் கைப்பையில் எடுத்துச் செல்ல விதி இடம் தருகிறது. நீங்கள் கேட்கும் அளவு அதற்குள் வசதியாக அடங்கும்.

முகாம்_நினைவுகள்:

உங்கள் இருவரோடும் நான் மாறுபடுகிறேன். தேசிய சேவையில் இருந்தபோது பீச் ரோட்டில் கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தின் மேல்தளத்தில் உள்ள ராணுவப் பொருள் கடைகளில் ஒன்றில் என் முதல் மல்டிடூலை வாங்கினேன். வெளிக்களப் பயிற்சியில் கயிற்றை அறுக்கவும், தார்ப்பாயைக் கிழிக்கவும், உணவுப் பொட்டலத்தைத் திறக்கவும் கத்தியைத்தான் எடுத்தோம். மழையில் நனைந்து சேறு படிந்த தடித்த கயிற்றின் முன் அந்தச் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும் செய்யாது. பல்கத்தி இரண்டு இழுப்பில் அறுத்துவிடும்.

எல்லாரும் கத்தியில்லாக் கருவியைக் கேட்கத் தொடங்கினால், உற்பத்தியாளர்கள் ஆசியச் சந்தைக்கு அதை மட்டுமே அனுப்பிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. தேவைப்படும்போது மாட்டி, தேவையில்லாதபோது வீட்டில் விட்டுவரக்கூடிய கத்திதான் சரியான தீர்வு. தொழில்நுட்பர் அண்ணன் சொன்ன ஃபிளெக்ஸ் போன்ற அமைப்பு அதைத்தானே செய்கிறது?

மின்னியல்_மூத்தவர்:

தம்பிமார்களே, கத்தியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அதைவிட ஆபத்தான ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மல்டிடூலை வைத்துக்கொண்டு மின்சார வேலையில் இறங்கும் இளையவர்களைப் பல காலமாகப் பார்த்துவருகிறேன். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். மின்னோட்டம் உள்ள இடத்தில் பயன்படுத்தத் தகுந்த கைக்கருவிகளுக்கு ஐஇசி 60900 என்ற அனைத்துலகத் தரம் உண்டு; 1000 வோல்ட் வரைக்குமான அந்தக் கருவிகளில் இரட்டை முக்கோணச் சின்னமும் 1000 வோல்ட் என்ற குறிப்பும் பதிந்திருக்கும். மடக்கும் மல்டிடூல் எதுவும் அந்த வகையில் சேராது. கைப்பிடியிலிருந்து குறட்டின் நுனி வரை ஒரே உலோகம். பிடியில் பிளாஸ்டிக் தகடு ஒட்டியிருந்தாலும், அதன் விளிம்பிலும் திருகுத் தலையிலும் விரல் பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

காப்பிட்ட மல்டிடூல் வேண்டும் என்று சிலர் கேட்பதைப் படித்திருக்கிறேன். மடங்க வேண்டுமென்றால் கைப்பிடிகள் குறட்டின் தலையைச் சுற்றிப் புரள வேண்டும். புரளும் இடத்தில் காப்பு உறை தொடர்ச்சியாக இருக்க வழியில்லை. ஆகையால் அதைக் கேட்பதில் பயனில்லை. உற்பத்தியாளர்கள் செய்ய வேண்டியது வேறு. மின்னோட்டம் உள்ள இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் மட்டும் போடாமல், கருவியின் உடலிலேயே சின்னமாகச் செதுக்க வேண்டும். தொழில்நுட்பர் தம்பி கேட்கும் கருவி கட்டடப் பணியாளர்களை நோக்கி வருமானால் இது முதல் நிபந்தனையாக இருக்கட்டும்.

பிடோக்_தூண்டில்:

எனக்குத் துருதான் முதல் எதிரி. பிடோக் படகுத்துறையில் ஓர் இரவு மீன் பிடித்துவிட்டுக் கருவியைக் கழுவாமல் உறையில் போட்டால், மறுநாளே மூட்டின் இடுக்கில் பழுப்பு நிறம் தெரியும். கருப்பு நிற மாடல்கள் அழகாகத்தான் இருக்கின்றன; ஆனால் கருப்பு ஆக்சைடு பூச்சு மெல்லியது, எண்ணெய் ஏறியிருக்கும் வரையில்தான் காப்பாற்றும். உப்புக் காற்றும் வியர்வையும் சேரும்போது அது சீக்கிரமே தோற்றுவிடுகிறது.

இங்கே ஒரு முரண் எனக்குத் தெரிகிறது. மேக்னாகட் எஃகை லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021-இல் அது வெளியானது. அதில் குரோமியம் கார்பைடுகள் உருவாகாமல் கலவையைச் சமன்படுத்தியிருப்பதால், இருக்கும் குரோமியம் முழுவதும் துருவைத் தடுக்கும் வேலைக்கே கிடைக்கிறது. எச்1, எல்சி200என் போன்ற எஃகுகளில் கரிமத்தின் பங்கைப் பெரும்பாலும் நைட்ரஜன் ஏற்கிறது. கடலோரக் கத்திகளுக்கு அவை பேர் போனவை. இந்த அறிவெல்லாம் கத்தியிலேயே செலவாகிறது. கழுவினாலும் துணி நுழையாத இடமான குறட்டின் மூட்டுக்கும், கத்தரிக்கோலின் சுருள்வில்லுக்கும், திருகுகளுக்கும் அந்த அக்கறை வந்து சேரவில்லை. கத்தியை எடுத்துவிட்டால் மிஞ்சும் பணத்தை மூட்டுக்குச் செலவழிக்கச் சொல்லுங்கள். மூட்டைப் பிரித்துத் துடைத்து எண்ணெயிட்டு மறுபடி பூட்டும்படி செய்துவிட்டால், விலையுயர்ந்த எஃகுகூடத் தேவைப்படாது.

ஆய்வகம்_அக்கா:

பள்ளி ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். எங்களைப் போன்ற இடத்துக்குக் கத்தி உள்ள கருவியைக் கொண்டுபோவது பற்றி நினைக்கவே முடியாது; ஆகவே கத்தியில்லா முழு அளவுக் கருவிக்கு என் முழு ஆதரவு உண்டு.

ஆனால் கத்தரிக்கோலைக் கத்திக்கு மாற்றாக நிறுத்துவதென்றால், இப்போது தரும் கத்தரிக்கோல் போதாது. பெரும்பாலான மாடல்களில் கத்தரிக்கோலின் அலகு கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கிறது. தடித்த பிளாஸ்டிக் உறையை வெட்டும்போது அது வெட்டாமல் இரு அலகுகளுக்கும் இடையே மடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. காரணம், அச்சில் உள்ள ஆணி தளர்ந்து அலகுகளுக்கிடையே மயிரிழை இடைவெளி விழுவதுதான். அந்த ஆணியை நாமே இறுக்கும்படி திருகாகக் கொடுத்தால் பிரச்சினை தீரும். தட்டி அடைத்த ஆணியாகக் கொடுத்தால் கத்தரிக்கோலின் ஆயுள் அதோடு முடிந்தது. ஓர் அலகில் நுண்ணிய பற்கள் செதுக்கியிருந்தால் பொருள் வழுக்கி முன்னே ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் இடக்கைப் பழக்கமுள்ளவள். ஒரு கையால் திறக்கலாம் என்று விளம்பரம் செய்யும் கருவிகளில் பல, வலது கட்டைவிரலை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. தாழைத் தள்ளும் நாக்கு இடக்கையில் பிடிக்கும்போது விரல்களின் பக்கம் போய்விடுகிறது. மூட வேண்டுமென்றால் கையை மாற்ற வேண்டியிருக்கிறது. இரு பக்கமும் அழுத்தக்கூடிய தாழ் செய்வது இன்றைக்கு முடியாத காரியமா என்ன? பிடியின் அகலமும் பெரிய உள்ளங்கைகளுக்கு ஏற்றதாகவே வருகிறது. குறட்டை முழுவதும் விரித்தால் என் சுண்டுவிரல் மறுபிடியை எட்டுவதில்லை. குறட்டுக்கு விரிக்கும் சுருள்வில்லோடு, விரிப்பின் எல்லையைக் குறைக்கும் சிறு தடையும் வேண்டும்.

முகாம் தம்பிக்கு ஒரு பதில்: கழற்றக்கூடிய கத்தி என்றால், நான் அதைக் கழற்றிவிட்டேனா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் பாதுகாவல் அதிகாரி பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். கத்தியே பொருத்த முடியாத கருவி என்றால் பார்த்த மாத்திரத்தில் முடிந்துவிடும்.

மிதிவண்டி_பொங்கோல்:

விக்டோரினாக்ஸ் தலைவர் அந்த அறிவிப்பில் மிதிவண்டி ஓட்டுநர்களையும் குறிப்பிட்டார் என்பதால் சுருக்கமாக ஒன்று. எங்களுக்கு 4, 5, 6 மில்லிமீட்டர் அறுகோணச் சாவிகளும், வட்டுத் தடைக்கு டி25 என்ற நட்சத்திர முனையும் போதும். இவை எல்லாமே கால் அங்குலப் பிட்டாகக் கிடைக்கின்றன. எனவே பொதுவான பிட் பொருத்தி இருந்தால் மிதிவண்டிக்கென்று தனி மாடலே வேண்டாம். சங்கிலி பிரிக்கும் கருவியை மல்டிடூலுக்குள் திணிக்க வேண்டியதில்லை. தனியாக இருப்பதே நல்லது.

தெம்பனீஸ்_தொழில்நுட்பர்:

அனைவருக்கும் நன்றி. மூத்தவர் ஐயா சொன்ன எச்சரிக்கைச் சின்னத்தை என் கோரிக்கையின் தலைப்பிலேயே சேர்த்துவிட்டேன்.

மிதிவண்டி நண்பர் தொட்ட பிட் விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். என் வேலையில் எல்லாமே இதில்தான் இருக்கிறது. கால் அங்குல அறுகோணப் பிட் 6.35 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. அதைக் கைப்பிடிக்குள் வைத்தால் கருவி தடித்துவிடும் என்பதால், லெதர்மேன் தட்டையான பிட்டுகளைத் தனக்கென்று உருவாக்கிக்கொண்டது. அந்தத் தேர்வுக்கு நியாயம் உண்டு. ஆனால் தட்டைப் பிட் தொலைந்தால் ஜாலான் புசாரில் உள்ள எந்த வன்பொருள் கடையிலும் சட்டென்று அதை வாங்க முடியாது; சாதாரணப் பிட்டோ தெருமுனைக் கடையில்கூடக் கிடைக்கும். கெர்பர் நிறுவனத்தின் சென்டர்-டிரைவ் சாதாரணப் பிட்டையே ஏற்றதோடு, திருப்புளியைக் கருவியின் நடு அச்சில் நிறுத்தியது. அந்த அச்சு விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதைத் திருகு திருகுபவர்கள்தாம் அறிவார்கள். ஓரத்திலிருந்து விரியும் திருப்புளியைச் சுழற்றும்போது கைப்பிடி முழுவதும் வட்டமிட்டு வீசும். ஏர்கான் உறைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள குறுகிய இடத்தில் அது சுவரில் மோதி நிற்கும்.

பிட்டின் வகையும் அவ்வளவு முக்கியம். வேவ் மாடலின் பெரிய பிட் பொருத்திக்கு, பிலிப்ஸ் என்ற சிலுவை முனையும் தட்டை முனையும் கொண்ட ஒரே ஒரு பிட் வருகிறது. நான் கழற்றும் ஜப்பானிய ஏர்கான்களில் இருப்பது பார்வைக்குப் பிலிப்ஸ் போலவே தோன்றும் ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தரத் திருகு. தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதில் பிலிப்ஸ் முனையை வைத்து அழுத்தினால் முனை மேலெழும்பி, திருகின் சிலுவைப் பள்ளத்தை வழித்துவிடும். சமையலறை அலமாரிக் கீல்களில் இருப்பதோ போசிடிரைவ். அதன் சிலுவைக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் கூடுதலாகத் தெரியும். இந்த மூன்றையும் ஒரே பிட்டால் சமாளிக்கச் சொல்வது திருகைக் கெடுக்கச் சொல்வதற்குச் சமம். ஆசியாவுக்கு அனுப்பும் கருவிகளோடு ஜேஐஎஸ், போசிடிரைவ், பிலிப்ஸ் மூன்றையும் உறையின் பக்கவாட்டுப் பையில் வைத்துத் தரட்டும்.

குறடு_விரும்பி:

மாற்றக்கூடிய பாகங்களைப் பற்றி இன்னும் யாரும் விரிவாகப் பேசவில்லை. கம்பிவெட்டியை மாற்றும் வசதி இப்போது வேவ் பிளஸ், சர்ஜ், ரீபார் போன்ற மாடல்களில் இருக்கிறது. வேவ் மாடலுக்கு அது 2018-இல் வந்தது. இதன் அருமை, கடினமான சுருள்வில் கம்பியை ஒரு முறை வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெட்டிய இடத்தில் விளிம்பில் அரைவட்டப் பள்ளம் விழுந்துவிடும். அதற்குப் பிறகு மெல்லிய செப்புக் கம்பியின் இழைகள் அந்தப் பள்ளத்தில் புகுந்து நசுங்குமே தவிர அறாது. முன்பெல்லாம் அதோடு முழுக் கருவியும் பழையதாகிவிடும். இப்போது இரண்டு சிறு திருகுகளைக் கழற்றிப் புதிய வெட்டியைப் பொருத்திக்கொள்ளலாம்.

அந்த வசதி வெட்டியோடு ஏன் நிற்க வேண்டும்? லெதர்மேன் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. அது நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு சுருள்வில் உடைந்ததற்காக முழுக் கருவியையும் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் வெறுங்கையோடு இருப்பது தொழில் செய்பவருக்கு முடியாத காரியம். வேறொரு நிறுவனத்தின் கருவியில் தாழில் உடைந்த சுருள்வில்லை மட்டும் விலைக்குத் தருமாறு எழுதிக் கேட்டேன். உதிரிப் பாகம் விற்பதில்லை என்று பதில் வந்தது. கத்தரிக்கோல், சுருள்வில், தாழ், அச்சுத் திருகு ஆகிய நான்கையும் சிறு பொட்டலமாக விற்றால் நான் கருவியோடு சேர்த்தே வாங்கிக்கொள்வேன். சாதாரணச் சாவியால் கழற்ற முடியாதபடி நடுவில் முள் வைத்த டார்க்ஸ் என்ற நட்சத்திரத் தலைத் திருகுகளையும் கைவிட வேண்டும். சாதாரண டார்க்ஸ் போதும்.

முகாம்_நினைவுகள்:

அக்கா சொன்ன பாதுகாவல் அதிகாரி வாதம் எனக்குச் சரியாகப் படுகிறது. நகரத்துக்குள் வேலை செய்பவருக்குக் கத்தி பொருத்தவே முடியாத கருவி வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதைத் தனி மாடலாக, தனிப் பெயரில் விற்க வேண்டும். கத்தி உள்ள மாடலை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைக்கக் கூடாது. பயிற்சிக்குப் போகும் தம்பிகளுக்குப் பல்கத்தி வேண்டும். தடித்த கயிற்றுக்கு மாற்றாக எதையும் இந்த இழையில் இன்னும் யாரும் காட்டவில்லை.

பிடோக்_தூண்டில்:

கயிற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. அவசரக் கருவிகளில் இருக்கை வாரை அறுக்கக் கொக்கி போன்ற வெட்டி வைக்கிறார்கள்; கூர் முழுவதும் வளைவின் உள்பக்கம் இருக்கும், விரல் படாது, குத்தவும் முடியாது. பின்னல் தூண்டில் நூலையும் அது நன்றாக அறுக்கும். பயிற்சிக்களத்துத் தடித்த கயிற்றுக்கு அது போதுமா என்பதை முகாம் தம்பிதான் சொல்ல வேண்டும். ஆனால் கூர்மையான விளிம்பு என்ற காரணத்தால் அதையும் கத்தி என்றே கருதும் வாயிற்காவல் இருக்கலாம். ஆகையால் அதை அடிப்படைக் கருவியில் சேர்க்காமல், கூடுதலாக மாட்டும் பாகமாகக் கேட்பது நல்லது.

மின்னியல்_மூத்தவர்:

தொழில்நுட்பர் தம்பி, கோரிக்கையை அனுப்பும் முன் பிட் பொருத்தியின் நீளத்தையும் எழுதுங்கள். 25 மில்லிமீட்டர் பிட்டை நேராகப் பொருத்தியில் செருகினால், பொருத்தியின் தடித்த கழுத்து ஆழமான துளைக்குள் நுழையாது. நீங்கள் கழற்றும் ஏர்கான் உறைகளின் அடிப்பக்கத் திருகுகள் குழிக்குள்தான் இருக்கும். குறைந்தது 50 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய பிட்டைத் தாங்கும் பிடிப்பு வேண்டும். காந்தம் மட்டும் போதாது, பிட்டைப் பின்னுக்கு இழுக்கும்போது துளைக்குள்ளேயே தங்கிவிடாமல், சிறு உருண்டையால் அழுத்தும் பந்துத் தடை ஒன்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

தெம்பனீஸ்_தொழில்நுட்பர்:

சேர்த்துவிட்டேன், ஐயா. வழக்கமாகக் கழற்றும் உறைகளின் திருகுக் குழிகளை அடுத்த பணி நாளில் அளந்து, ஆழத்தையும் வாய் அகலத்தையும் இங்கேயே பதிவிடுகிறேன். அக்கா, உங்கள் பிடி எட்டும் விரிப்பு எத்தனை மில்லிமீட்டர் என்பதை அளந்து தர முடியுமா? விரிப்புத் தடைக்கு அந்த எண் வேண்டும்.